மன்னார்குடி மாடியில் ஓடிய ரயில்

எட்டாவது வகுப்பைப் பாதியில் விட்ட பிறகு எந்த ஊரிலும் நான் சேர்ந்தாற்போல் இரண்டு வருஷம் இருந்ததில்லை. லாரியில் கிளீனராக இருந்தேன். நாகப்பட்டினத்தில் படகு இஞ்சின் பழுதுபார்க்கும் கடையில் எடுபிடி. கோடியக்கரைப் பக்கம் உப்பளத்தில் ஒரு கோடை. அதற்கப்புறம் மைக் செட். அதில்தான் அதிக நாள் ஒட்டிக்கொண்டிருந்தேன். தேர்தல் வந்தால் தினம் ஓர் ஊர். உழுகிறவனுக்கே நிலம் என்று மேடையில் முழங்கியவர்களின் குரலை வயல்காட்டின் கடைசி வரப்புவரை அனுப்பிவைத்தவன் நான். பேசியவர்கள் ஜெயித்துக் கோட்டைக்குப் போனார்கள். சட்டமும் வந்தது. எங்கள் அக்கா வீட்டு வாசலுக்கு அந்தச் சட்டம் வந்தபோது என்ன ஆனது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வருஷம் மைக் செட் முதலாளியோடு சண்டை. ஈயம் பத்தவைக்கும் கோலையும் ஒரு பை நிறைய ஒயர் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டில் வந்து விழுந்தேன். மன்னார்குடிக்குத் தெற்கே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் வாய்க்கால் கரையில் நடந்தால் வரும் ஊர். அக்காவின் புருஷன், என் மச்சான், ஆறு மா நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். இரண்டு ஏக்கர். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அவர்கள் கையில் இருந்த நிலம்.

நிலத்துக்குச் சொந்தக்காரர் மன்னார்குடியில் இருந்தார். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அறுவடை முடிந்ததும் குத்தகை நெல்லை வண்டியில் ஏற்றி அவர் வீட்டுக் கொல்லையில் கொண்டுபோய் அளப்பது வழக்கம். சீட்டு கிடையாது. மச்சானின் அப்பாவும் கேட்டதில்லை, மச்சானும் கேட்டதில்லை. கேட்டால், உங்களை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னது போல.

புதுச் சட்டத்தின்படி குத்தகைக்காரன் தன் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். பதிந்துவிட்டால் அவனை நிலத்திலிருந்து எளிதில் இறக்க முடியாது. மச்சான் மனுப் போட்டிருந்தார். விசாரணைக்கு நோட்டீஸ் வந்திருந்தது. சொந்தக்காரர் ஆட்சேபம் சொன்னால் சாகுபடி செய்வது தான்தான் என்று மச்சான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. கிராமக் கணக்கிலும் சொந்தக்காரரே பயிரிடும் பண்ணை என்றே எழுதியிருந்தது.

குறுவை நெல்லை அளந்துவிட்டு வந்த அன்று மச்சான் துள்ளிக்கொண்டு வந்தார்.

"மாப்ளே, ஐயா வீட்டு மாடியில ரயிலு இருக்குடா."

"என்ன ரயிலு?"

"நெசமான ரயிலு மாதிரியே, இம்மாந்தண்டி. மகன் ஜெர்மனியிலேருந்து அனுப்புனதாம். ஓடலையாம். எவனோ ரேடியோக் கடைக்காரன் பிரிச்சுக் கெடுத்துட்டான். எங்க மாப்ள பண்ணிருவான்னு சொல்லிப்புட்டேன்."

"எனக்கு ரயிலு தெரியாதே மச்சான்."

"லாரி தெரியும்ல? இதுல டயர் இல்ல, அவ்வளவுதானே."

அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "நோட்டீஸப் பத்திப் பேசுனீங்களா?"

"பேசாம இருப்பேனா? ஐயா ஒண்ணும் சொல்லாம இருந்தாப் போதுங்கன்னேன். 'பாக்கலாம், மொதல்ல இது ஓடட்டும்'னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் சிரிச்சாரு."

"சிரிச்சா சரின்னு அர்த்தமா?"

"ஐயா சும்மா சிரிக்க மாட்டாருடீ."

தெருக்கோடியில் விவசாயச் சங்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், வாய் மட்டும் பொல்லாதது. பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிவா, நானும் வந்து நிற்கிறேன் என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். சங்கத்தோடு போய் நின்றால் ஐயா மனசு மாறிவிடும் என்று மச்சான் பிடிகொடுக்கவில்லை. ரயில் விஷயம் தெரிந்ததும் சங்கத்துக்காரர் எங்கள் வாசலில் நின்றுகொண்டு கேட்டார்.

"என்னப்பா, அந்த ரயிலு தாலுக்கா ஆபீசுக்குப் போவுதாமே? டிக்கெட் எடுத்தாச்சா?"

மறுநாள் காலையில் நாங்கள் இருவரும் மன்னார்குடிக்குப் போனோம். விசாரணைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

மாடியில் அறை நீளத்துக்கு ஒரு மேஜை. அதன்மேல் முட்டை வடிவத்தில் தண்டவாளம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான சிவப்பு வண்டி அதில் நின்றது. எங்கள் பக்கம் கிளைப் பாதையில் ஓடுமே, இஞ்சினும் பெட்டியும் ஒன்றாக இருக்கும் ஒற்றை வண்டி, அந்த மாதிரி. ஜன்னலுக்குள் இருக்கைகள்கூடச் செய்திருந்தார்கள்.

மேல்கூட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே விரல் அகலத்தில் பழுப்பு நிறச் சர்க்யூட் போர்டு. அதில் செம்புக் கோடுகள் பாதி கருகி உரிந்து கிடந்தன. ரேடியோக் கடைக்காரர் கருகிய இடத்திலெல்லாம் ஈயத்தைக் கொட்டியிருந்தார். எந்த ஒயர் எங்கிருந்து எங்கே போயிற்று என்பதற்கு அடையாளமே இல்லை.

"முடியுமா?" என்று ஐயா கேட்டார். மெலிந்த, சுத்தமான மனிதர். யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை.

"போர்டுல இருக்கறத எல்லாம் எடுத்துட்டுப் புதுசா ஒயர் இழுக்கணுங்க."

"இழு. ஆனா அந்தப் பெயின்ட்ல ஒரு கீறல் விழக்கூடாது."

என்னிடமிருந்த கோல் நெருப்பில் காயவைத்து எடுப்பது. காரியக்காரர் ஒரு குமுட்டி அடுப்பும் கரியும் கொடுக்கச் சொன்னார். ஐயாவின் நிலபுலன்களைக் கவனிப்பவர் அவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். மூன்று நாளும் மாடிப்படிக்கருகில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தபடியே இருந்தார். நான் தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். மச்சான் குமுட்டிக்கு விசிறினார். நடுவில் மேஜையைத் துடைத்தார், தண்ணீர் கொண்டுவந்தார், கரித்தூளைப் பெருக்கினார். யாரும் சொல்லவில்லை. அவராகவே செய்தார். மத்தியானம் கொல்லைப்பக்கம் இலை போட்டுச் சோறு போட்டார்கள்.

முதல் நாள் போர்டைச் சுத்தம் செய்தேன். பழைய ஈயத்தை உருக்கி உதறினேன். முன்விளக்கு ஒன்று, பின்விளக்கு ஒன்று, மோட்டார், விளக்குகளுக்கு மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் டயோடு இரண்டு. ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் படம் வரைந்துகொண்டேன். ஒலிபெருக்கி ஒயரைப் பிரித்து, உள்ளே இருந்த மயிரிழை போன்ற கம்பிகளை மும்மூன்றாக முறுக்கி, வேண்டிய அளவுக்கு மெல்லிய ஒயர் செய்தேன். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் எல்லாம் பத்தவைத்தாகிவிட்டது. வண்டியைத் தண்டவாளத்தில் வைத்து, டிரான்ஸ்ஃபார்மரின் குமிழைத் திருப்பினேன்.

டிரான்ஸ்ஃபார்மர் உறுமியது. வண்டி அசையவில்லை. மெல்லிய புகைவாசனை. உடனே குமிழைத் திருப்பி அணைத்தேன். என் ஒயர் ஒன்று கருகியிருந்தது.

தப்பு எனக்கு உடனே தெரியவில்லை. லாரியானாலும் படகு இஞ்சினானாலும் டிராக்டரானாலும் இரும்பு உடம்புதான் எர்த். பேட்டரியிலிருந்து ஒரு ஒயர் போகும், திரும்பி வருவது உடம்பு வழியாக. பத்து வருஷம் அப்படியே செய்து பழகிய கை. இங்கே முன்சக்கரம் ஒரு தண்டவாளத்திலும் பின்சக்கரம் மற்றதிலும் மின்சாரம் எடுக்கும். அப்படியிருந்தும் பின்சக்கரத்திலிருந்து வரும் ஒயரை யோசிக்காமல் வண்டியின் உடம்பில் பத்தவைத்திருந்தேன். முன்சக்கரத்துத் தகட்டைப் பிடித்திருக்கும் திருகாணியின் கீழே ஒரு சின்ன வளையம் இருந்திருக்க வேண்டும், மின்சாரம் கடத்தாத வளையம். ரேடியோக் கடைக்காரர் அதைத் தொலைத்துவிட்டார் போலிருக்கிறது. இந்தத் தண்டவாளத்து மின்சாரமும் அந்தத் தண்டவாளத்து மின்சாரமும் வண்டியின் உடம்பிலேயே சந்தித்துக்கொண்டன. மோட்டாருக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

"என்ன மாப்ளே?" என்றார் மச்சான். நெருப்பை விசிறுவதை நிறுத்தியிருந்தார்.

"உடம்புல எதுவும் படக்கூடாது மச்சான். ரெண்டும் தனித்தனியா போர்டு வரைக்கும் வரணும். லாரின்னு நெனச்சுட்டேன்."

"நாந்தானே லாரி மாதிரின்னேன்" என்றார். அதைச் சிரிக்காமல்தான் சொன்னார்.

மூன்றாம் நாள் முழுக்க அதற்குப் போயிற்று. சைக்கிள் டியூபிலிருந்து வளையம் வெட்டித் திருகாணிக்குப் போட்டேன். எல்லா ஒயரையும் எடுத்துவிட்டு மறுபடி இழுத்தேன். போர்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவே நகக்கண் அளவு இடைவெளி. ஈயம் ஒரு துளி ஓடினால் பக்கத்துப் புள்ளியைத் தொட்டுவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தேன். சாயந்தரம் நாலு மணி சுமாருக்குக் குமிழைத் திருப்பியதும் முன்விளக்கு எரிந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. வளைவில் திரும்பியது. நேர்ப்பாதையில் வேகமெடுத்தது.

வண்டி எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றியது. ஐயாவின் கண்ணும் கூடவே சுற்றியது. பிறகு எங்களைப் பார்க்காமலே சொன்னார்.

"அவன் ஜெர்மனியிலயே வீடு வாங்கிட்டானாம். இங்க நிலம்னு ஒண்ணு இருந்தாத்தான் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வருவான்."

அந்தப் பேச்சு எனக்குள் எங்கேயோ நெருடியது. மச்சான் தலையை ஆட்டிக்கொண்டு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேணும், சொல்லுப்பா" என்று ஐயா என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார்.

"காசெல்லாம் வேணாங்க. ஐயாவுக்குச் செய்யறதுக்குக் கூலியா?"

ஐயா காரியக்காரரைப் பார்த்தார். காரியக்காரர் எங்களைக் கீழே கூட்டிப்போய் அலமாரியைத் திறந்தார். அதில் வேட்டிகள் ஒரு கட்டாக அடுக்கியிருந்தன. ஒன்றை உருவி மச்சானிடம் கொடுத்தார். பச்சைக் கரை போட்ட நாலு முழ வேட்டி. மச்சான் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் கேட்டேன், ஏன் கூலி வேண்டாம் என்றீர்கள் என்று.

"ஒனக்குப் புரியாதுடா. கூலி வாங்குனா நாம கூலியாளு. வாங்கலைன்னா குத்தகைக்காரங்க. ஒரு மரியாதைக்குச் செஞ்சோம்னு இருக்கும். விசாரணையில அவருக்கே எதுத்துப் பேசக் கூசும்."

சரியாகத்தான் பட்டது. ஒருவேளை நானாக இருந்தாலும் அப்படியே சொல்லியிருப்பேன். விசாரணைக்கு மிச்சமிருந்த நாலு நாளும் மச்சான் சாட்சிக்கென்று ஒருவரிடமும் போகவில்லை. அக்கா தானாகப் போய்ப் பக்கத்து வயல்காரரைக் கேட்டாள். "ஒன் புருஷன் வந்து கேக்கட்டும், வர்றேன்" என்றார் அவர். மச்சான் போகவில்லை.

விசாரணை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. வாத்தியார் மேஜையில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். மேஜை நிறைய ஃபைல். மச்சான் தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு, அந்தப் பச்சைக் கரை வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவரிடமிருந்த ஒரே புது வேட்டி அதுதான். ஐயா வரவில்லை. காரியக்காரர் வில்வண்டியில் வந்து இறங்கினார்.

"நிலத்துக்காரர் எங்க?" என்றார் அதிகாரி.

"ஒடம்புக்கு முடியலைங்க. எனக்கு அதிகாரம் எழுதிக் குடுத்திருக்காரு."

"ஆட்சேபம் உண்டா?"

"ஐயா ஒண்ணும் சொல்லச் சொல்லலைங்க. நடக்கறத நான் சொல்றேன். இவரு குத்தகைக்காரரு இல்லீங்க. எங்க பண்ணையில வேலை பாக்குறவரு. வயல்லயும் பாப்பாரு, வீட்டுலயும் பாப்பாரு. போன வாரங்கூட மூணு நாளு மாடியில வேலை."

"பொய்யுங்க!" என்றார் மச்சான்.

"மாடியில நீ வேலை பாக்கலியா?" என்று அதிகாரி கேட்டார்.

"பாத்தேங்க. அது வந்துங்க, ரயிலு..."

"குமுட்டிக்கு விசிறினது யாருன்னு கேளுங்க" என்றார் காரியக்காரர். "மேசை தொடச்சது யாருன்னு கேளுங்க. அந்தா நிக்கிறாரே, அவரோட மச்சினன். அவருகிட்டயே கேளுங்க."

அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"வேலை செஞ்சீங்களா?"

"ஆமாங்க."

"ரெண்டு பேருமா?"

"ஆமாங்க."

"கூலி என்ன குடுத்தாங்க?"

"கூலி வாங்கலைங்க."

"சாப்பாடு?"

"போட்டாங்க. கொல்லையில."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. களைத்துப்போனவர், அவ்வளவுதான். "மூணு நாளு, கூலி இல்லாம, கொல்லையில சாப்பிட்டுட்டு, எதுக்கு வேலை செஞ்சீங்க?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதுபோல் இருந்தது குரல். பதில் என்னிடம் இருந்தது. அந்த அறையில் வைத்துச் சொல்லக்கூடியதாக அது இல்லை. ஐயா வாயைத் திறக்காமல் இருப்பதற்காகச் செய்தோம் என்று எப்படிச் சொல்வது?

காரியக்காரர் அதோடு விடவில்லை. "அவரு இடுப்புல இருக்கிற வேட்டியப் பாருங்க. தீபாவளிக்குப் பண்ணையாளுங்களுக்கு நாங்க குடுக்கறது. இந்த வருஷத்துக் கரை பச்சை. வெளியில எங்க வண்டிக்காரரு நிக்கிறாரு, அவரையும் பாத்துக்குங்க."

எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். வண்டிக்காரர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். அவர் இடுப்பிலும் அதே வேட்டி. அதே பச்சை.

மச்சான் தன் வேட்டியைக் குனிந்து பார்த்தார். கரையைக் கையால் மறைத்துக்கொள்வதுபோல ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டார். சீட்டு இருக்கிறதா, சாட்சி இருக்கிறதா என்று அதிகாரி கேட்டது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சங்கத்துக்காரர் வாசலிலிருந்து, அவகாசம் கொடுங்கள், சாட்சி கூட்டிவருகிறோம் என்று சத்தம் போட்டார். மத்தியானம் அடுத்த ஊரில் விசாரணை இருக்கிறது, வேண்டுமானால் அப்பீல் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி அதிகாரி மனுவைத் தள்ளிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் வேட்டியை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டுப் பழையதைக் கட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"ஐயா வாக்குத் தவறல. ஒண்ணும் சொல்லமாட்டேன்னாரு. சொல்லல."

அதைக் கேட்டு அக்கா அழுதாளா சிரித்தாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கூலி வாங்கியிருந்தால் கூலியாள் என்றிருப்பார்கள். வாங்காததால் பண்ணையாள் என்றார்கள். காரியக்காரர் முதல் நாளே இதையெல்லாம் யோசித்துத்தான் நாற்காலியைப் போட்டாரா, இல்லை பார்த்ததைப் பிறகு பயன்படுத்திக்கொண்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஐயாவுக்குத் தெரியுமா என்பதும் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது. சங்கத்துக்காரர் அப்பீல் எழுதிப் போட்டார். அதற்கு ஒரு பதிலும் வந்து நான் பார்க்கவில்லை.

சம்பாவுக்கு ஐயாவின் டிராக்டர் வந்து அந்த ஆறு மாவையும் உழுதது. வரப்பில் நின்று மச்சான் பார்த்தார். நடவுக்கு ஆள் கூப்பிட்டபோது அக்கா போனாள். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எங்கே கால் புதையும் என்று மற்ற பெண்களுக்குச் சொல்லிக்கொண்டே நட்டாளாம். சாயந்தரம் கூலியோடு வந்தாள். மச்சான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் அவரும் நாற்றுக்கட்டுத் தூக்கப் போனார்.

நடவு முடிந்த வாரம் காரியக்காரர் ஆள் அனுப்பினார். ரயில் ஓடுகிறதாம், முன்விளக்கு மட்டும் எரியவில்லையாம், ஐயாவுக்கு ஒரு மாதிரியாக இருக்கிறதாம்.

"நான் போக மாட்டேன்" என்றேன்.

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை. "நீ நாளைக்கு ஊரவிட்டுப் போயிருவே. களையெடுப்புக்கு நாங்க அவரு வயலுக்குத்தான் போவணும். போய்ப் பாத்துட்டு வா."

போனேன். இந்தத் தடவை மச்சான் வரவில்லை. மாடியில் ஐயா என்னை வா என்றார், அவ்வளவுதான். கூட்டைக் கழற்றினேன். போர்டில் நான் இழுத்த ஒயர்கள் இழுத்தபடியே இருந்தன. ஒரு பற்றுகூட விடவில்லை. வண்டி ஓடிய அதிர்வில் பல்புதான் தளர்ந்திருந்தது. இரண்டு விரலால் ஒரு திருகு. எரிந்தது.

அந்த ஒயர்களில் எதையாவது ஒன்றை நகத்தால் கிள்ளிவிடலாம் என்று படிக்கட்டில் ஏறும்போது நினைத்தேன். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கையில் எடுத்தபோது செய்யவில்லை. நல்ல வேலை அது. நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான்.

"கூலி குடுங்க" என்றேன்.

ஐயா காரியக்காரரைப் பார்த்தார். காரியக்காரர் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பேரம் பேசவில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை. இறங்கி வரும்போது மாடியில் வண்டி மறுபடி ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது.

அக்கா வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. அந்தக் காசை மஞ்சள் பையில் போட்டு, ஊருக்குப் போகும் ஓர் ஆளிடம் கொடுத்து அக்காவிடம் சேர்க்கச் சொல்லிவிட்டு, நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறினேன். அவள் அதை வாங்கிக்கொண்டாள் என்று பிறகு தெரிந்தது.